அண்ணன் எடுத்த அளவு

எங்கள் அண்ணன் இசக்கிராஜா நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் வராது.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறு, தார்ப்பாய் கடை வைத்திருக்கிறான். உப்பு லாரியோ தோணியோ, எதைக் காட்டினாலும் ஒரு நீலக் கயிற்றைப் போட்டுப் பார்ப்பான். மூன்று முடிச்சுப் போடுவான். அளவு எடுத்தாகிவிட்டது. டேப் கிடையாது, காகிதம் கிடையாது. "கயிறு பொய் சொல்லாதுலே" என்பான். அவன் தைத்துக் கொடுத்த தார்ப்பாய் எந்த லாரிக்கும் இதுவரை பத்தாமல் போனதில்லை. அந்தத் திமிர்தான் அவனைக் கவிழ்த்தது.

நான் அவன் தங்கச்சி, பேச்சிச்செல்வி. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு: பிடிக்கவில்லை. தையல் பிடித்தது. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். எனக்கு ஒரு குணம் உண்டு. யாராவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன். நடந்ததில் பாதி இந்தக் குணத்தால் நடந்தது.

அண்ணன் பெண்டாட்டி சண்முகவடிவு. எனக்கு மதினி. ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தோம்.

போன மாதம் குலசேகரன்பட்டினத்தில் அவள் சித்தி மகளுக்குக் கல்யாணம். மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். பாவாடை நாடா வயிற்றை அறுத்தது. சேலை கனத்தது. வேர்த்துக் கொட்டி, பந்தியில் பாதியிலேயே எழுந்து போய்ப் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அங்கே எவளோ ஒருத்தி, "உப்பு மூட்டைக்குப் பட்டு சுத்துன மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். மதினி காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு நைட்டிக்குள் புகுந்தவள்தான். தெருவில் காய்கறி வண்டி வந்தால்கூட வாசலுக்குப் போவதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, வளைகாப்புக்கு என்னால சேல கட்ட முடியாது. நாற்காலில வளையல வச்சு, நாற்காலிக்கே சந்தனம் பூசிக்கிடுங்க. நான் உள்ள படுத்துக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உடனே ரசச் சட்டியை எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பேரு மட்டும் வடிவு. வடிவு எங்கன இருக்கு இப்ப?"

அண்ணன் சோற்றில் கையை வைத்தபடியே சபதம் எடுத்தான்.

"ஏளா, கேட்டுக்கோ. வெள்ளிக்கெழம உன்ன ராணி மாதிரி உக்கார வைக்கேன். நானே துணி எடுக்கேன். நானே பாத்துத் தைக்கச் சொல்லுதேன். வாரவ அத்தன பேரும் வாயப் பொளக்கணும்."

"அப்ப மெத்துன்னு பருத்தியா எடுங்க."

"பருத்தியெல்லாம் ஆசுபத்திரிக்குப் போட்டுட்டுப் போ. விசேசத்துக்கு மின்னணும்."

"இடுப்புல இறுக்காம..."

"இறுக்குனாத்தான் ஷேப்பு. நான் என் கல்யாண வேட்டியக் கட்டிட்டு ஜம்முன்னு நிக்கேன். நீ பக்கத்துல பருத்தியச் சுத்திட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"உங்க கல்யாண வேட்டியே பருத்திதான?"

"அது வேற பருத்தி."

அந்த வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைத்தறி. எட்டு முழம். மயில்கண் கரை. தொட்டால் பிள்ளைக் கன்னம் மாதிரி இருக்கும். பாச்சை உருண்டை போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறான். யாராவது அந்தப் பக்கம் போனாலே, "கை கழுவினியா?" என்பான்.

மறுநாள் மத்தியானம் துணி வந்தது. வெல்வெட். மெரூன் கலர். எங்கள் ஊர் வேக்காட்டில் வெல்வெட். கழுத்துக்கு, கைக்கு, இடுப்புக்கு என்று கல் பதித்த பட்டை வேறு தனியாக வாங்கி வந்திருந்தான். கையில் தூக்கினால் ஒரு சின்னப் பிள்ளையின் கனம் இருந்தது.

"எப்படி?"

கேட்டுவிட்டான். "நாடகத்துல ராசா போடுவாவல்லா, அது மாதிரி இருக்கு" என்றேன்.

"அதான வேணும்!" என்று சந்தோஷமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். நீலக் கயிறு. நுனியிலிருந்து மூன்று முடிச்சு. "மொத முடிச்சு வர தோளு. ரெண்டாவது வர வயித்துச் சுத்து. மூணாவது வர உயரம். அவ இப்பத் தூங்கும்போதே எடுத்துட்டேன். அசையக்கூட இல்ல."

"வயித்தச் சுத்தி எப்படிண்ணே எடுத்த?"

"லோடு ஏத்துன லாரிக்கு அடியிலயே கயிறு விட்டு வாங்குத கை இது. வடிவுட்ட சொல்லிராத. திடுக்குன்னு குடுக்கணும்."

"அவ கேட்டா?"

"கேக்க மாட்டா."

அவன் கடைக்குக் கிளம்பி முக்கு திரும்பியிருக்க மாட்டான். மதினி வந்துவிட்டாள்.

"பேச்சி, உங்கண்ணன் கயிறும் கையுமா பூன மாதிரி போனாவளே, என்ன விசயம்?"

கேட்டாள். சொல்லிவிட்டேன். வெல்வெட்டையும் எடுத்துக் காட்டினேன். மதினி அதைத் தடவிப் பார்த்தாள். பட்டையில் இருந்த கல் விரலில் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அழகாத்தான் இருக்கு. கோயில் யானைக்குப் போட்டா."

"வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதான மதினி?"

"ஆசையா எடுத்திருக்காவ. மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?" வெல்வெட்டை மடித்து வைத்தாள். "அந்தக் கயிறக் கொண்டா. நாளைக்குத் தாரேன்."

மறுநாள் அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, வழக்கம்போல ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுப் போன பிறகு கயிறு திரும்பி வந்தது. அதே நீலம், மூன்று முடிச்சு. "அவிய சொன்ன மாதிரியே தச்சிரு" என்றாள். தைத்தேன். வயிற்றுச் சுற்றைப் பார்த்தபோது இரட்டைப் பிள்ளையோ என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டே வந்தான். மதினியைக் கண்ணை மூடச் சொல்லி, உடுப்பைக் கையில் கொடுத்தான். அவள் அதை நைட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்தாள்.

தோள் முழங்கையில் தொங்கியது. அடி தரையைக் கூட்டியது. உள்ளே இன்னொரு மதினி நிற்கலாம்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"கயிறு பொய் சொல்லாதே!" என்றான்.

"சொல்லாதுல்லா?" மதினி மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப நான்தான் எளச்சிட்டேன் போல. ரெண்டே நாள்ல இம்புட்டா எளைப்பேன்?"

"ஏளா, நீ எளைக்கல! துணிதான் பெருசு!"

"நீங்க அளந்ததுதானங்க?"

"துணிதான் பெருசுங்கேன்! எனக்கே தொளதொளன்னு இருக்கும். கழத்து. போட்டே காட்டுதேன்."

போட்டான். பனியனுக்கும் கட்டியிருந்த சாரத்துக்கும் மேலே வெல்வெட்டை இழுத்து இறக்கினான். தொளதொள என்றெல்லாம் இல்லை. தோள் தோளில் உட்கார்ந்தது. வயிறு வயிற்றில் உட்கார்ந்தது. கடையில் நின்று அளவு கொடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவன் ஆச்சரியப்பட்டு வாயைத் திறப்பதற்குள் மதினி பின்னால் போய் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

"ஏளா, என்ன செய்யித?"

"நல்லாருக்குங்க. செத்த நேரம் உக்காருங்க. நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு பாத்துக்கிடுதேன்."

நாற்காலியில் உட்கார வைத்தாள். கல் பட்டையை இடுப்பில் இறுக்கினாள். "ஷேப்பு தெரியணும்லா." ஃபேனை அணைத்தாள். "ஃபோட்டோ எடுக்கதவரு முடி பறக்குன்னு அணைக்கச் சொல்லுவாரு." வலிக்க வலிக்க இரண்டு கையிலும் வளைகாப்புக்கு வாங்கியிருந்த வளையலை ஏற்றினாள். "அசையாதிய. நாளைக்கு நான் மூணு மணி நேரம் இப்படித்தான் இருக்கணும்."

ஐந்து நிமிடத்தில் அண்ணன் நெற்றியில் வேர்வை அரும்பியது. பத்து நிமிடத்தில் சொட்டியது. கழுத்துக் கல் ஒரு பக்கம் குத்த, அந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம் குத்தியது. சொறியக் கை வளையவில்லை.

"வடிவு... இந்த இடுப்ப மட்டும்..."

"ஆறு நிமிசம்தான் ஆயிருக்கு" என்று மதினி கூசாமல் பொய் சொன்னாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு விஜிலா அக்கா தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நேரே உள்ளே வந்து பார்த்தாள். அண்ணனை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

"வளைகாப்பு நாளைக்குன்னுல்லா சொன்னிய?"

"விஜிலாக்கா, அது வந்து..." என்றான் அண்ணன்.

"பேசாதிய அண்ணாச்சி, மூச்சு வாங்கும். இது எத்தனாவது மாசம்?" நாளைக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்து அவன் இரண்டு கன்னத்திலும் பூசினாள். "நல்லபடியாப் பெத்துப் பொழைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனை வரைக்கும் அவள் சிரிப்பு கேட்டது.

அண்ணன் கும்பிட்டான். வளையல் குலுங்கியது.

"ஏளா, அவுத்து விடு. இதுக்குள்ள மனுசன் இருப்பானா? நீ ஒண்ணும் போட வேண்டாம். ஒனக்கு எது சொகமா இருக்கோ அதப் போட்டுக்கோ."

"எதுன்னாலுமா?"

"எதுன்னாலும்."

"பெறவு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன்! ஜிப்பு, ஜிப்பு!"

ஜிப் இறங்கியது. ஃபேன் சுற்றியது. அண்ணன் பனியனோடு தரையில் மல்லாந்தான். மூச்சு நிதானமான பிறகுதான் புத்தி வந்தது.

"இரு. நான் சரியாத்தான அளந்தேன்? அது எப்படி எனக்குப் பொருந்துச்சு?"

மதினி தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு நீலக் கயிற்றை எடுத்தாள். அதில் இருந்தது அவன் போட்ட முடிச்சு. என் மிஷினுக்கு வந்தது வேறு கயிறு, அவள் போட்ட முடிச்சு.

"நீங்க என்ன அளக்கும்போது நான் முழிச்சிருந்தேன். நான் உங்கள அளக்கும்போது நீங்க தூங்கிட்டிருந்திய. அம்புட்டுத்தான்."

"முழிச்சிருந்தியா? பெறவு ஏன் அசையல?"

மதினி கயிற்றை விரலில் சுற்றினாள்.

"வயித்துல கயிறு போடும்போது உள்ள பிள்ள உதைச்சுது. நீங்க குனிஞ்சு, 'ஏலே... இல்ல, ஏளா... யாரா இருந்தாலும் செத்த சும்மா கெட, அப்பா அளவெடுக்கேன்'னு சொன்னிய. பிள்ள சும்மா இருந்துட்டு. பெறவு நான் எப்படி அசைய?" கயிற்றை மறுபடி உறைக்குள் வைத்தாள். "இத யாருக்கும் தர மாட்டேன். எம்பிள்ளையோட மொத அளவு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். சந்தனக் கன்னத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்தான். நான் மிஷினில் நூல் கோக்கப் போய்விட்டேன். எனக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது.

"சரி, அப்ப நாளைக்கு எதப் போடப் போற?"

மதினி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

வெள்ளை நீளக் கவுன். நெஞ்சுக்குக் கீழே ஒரு மடிப்பு, அதற்குப் பிறகு எங்கேயும் பிடிக்காமல் பாதம் வரை விழுந்தது. நாடா இல்லை, ஜிப் இல்லை. வயிறு மறையவும் இல்லை, துருத்தவும் இல்லை. அது பாட்டுக்கு அழகாக இருந்தது. கழுத்திலும் அடியிலும் மயில்கண் கரை. மதினி கண்ணாடி முன்னால் நின்று, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எம்மா!" என்றான் அண்ணன். "இதுல்லா துணி! எங்கன எடுத்த? இந்தக் கரைய நான் எங்கயோ பாத்திருக்..."

எழுந்து பீரோவைத் திறந்தான். மேல்தட்டில் பாச்சை உருண்டை மட்டும் இருந்தது.

கயிறு திரும்பி வந்த அன்றைக்கே மதினி அந்த வேட்டியையும் கொண்டு வந்து கவுனாகத் தைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், அண்ணன் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

"மூஞ்சியத் தூக்க மாட்டேன்னிய" என்றாள் மதினி. "அன்னைக்கு இதக் கட்டிட்டுத்தான் எனக்குத் தாலி கட்டுனிய. அதுக்குள்ளயே எம்பிள்ளையோட உக்காரணும்னு ஆச."

மூஞ்சியை எங்கே தூக்க?

வெள்ளிக்கிழமை மதினி நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள், கேட்டு வாங்கி இரண்டாம் முறை புளியோதரை சாப்பிட்டாள். குலசேகரன்பட்டினத்துக்காரர்கள் அத்தனை பேரும் கவுனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவியதான்" என்று அண்ணனைக் காட்டினாள். அவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். வாய் திறந்து பேசவில்லை. பேசினால் வயிறு வெளியே வரும்.

கல்யாண வேட்டி போய்விட்டதால், அன்றைக்குக் காலையில் நான் அவசரமாகக் கடைக்குப் போய் ஒட்டுகிற வேட்டி ஒன்று வாங்கி வந்திருந்தேன். இடுப்பில் ஒட்ட வேண்டிய இடத்துக்கு நாலு விரல் தூரம் பாக்கி இருந்தது. ஊக்கு குத்தி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி நின்றான் பாவம்.

எல்லாரும் சாப்பிடப் போன சமயத்தில் என்னைத் தூணோரமாக இழுத்தான்.

"ஏளா பேச்சி, கடையில எந்த அளவக் குடுத்து வாங்குன?"

கேட்டுவிட்டான். சொன்னேன்.

"அவசரத்துல கையில கெடச்சது மதினி தலகாணிக்குள்ள வச்சிருந்த கயிறுண்ணே. நீ அவளுக்கு எடுத்த அளவு."