டிப்பருக்கு ஒரு மெமோ

ஜெயராஜு நாய்க்கு மெமோ குடுத்தான்.

சிரிக்காதீங்க. மெய்யாலுமே குடுத்தான். கம்பெனியில இருந்து எடுத்தாந்த பழைய செக் ஷீட்டு பின்பக்கத்துல, கொட்ட எழுத்துல எழுதி, மாடிப்படி கிரில்லுல செல்லோடேப்பு போட்டு ஒட்டினான். "டிப்பர் என்கிற நாய்க்கு. தினமும் காலை ஒம்போது மணியிலிருந்து ஊளையிட்டு நைட் ஷிப்ட் தொழிலாளியின் தூக்கத்தைக் கெடுக்கிறாய். இது மூணாவது வார்னிங். இப்படிக்கு, ஜெயராஜ், லைன் லீடர்."

டிப்பரு மெமோவை மோந்து பாத்துச்சு. செல்லோடேப்பை ஒரு நக்கு நக்குச்சு. அப்பால பொறுமையா ஒக்காந்து பேப்பரை மொத்தமா தின்னுடுச்சு.

"பாத்தியா விக்டோரி, பாத்தியா? மெமோவை வாங்க மறுக்குதுமே!"

"எங்கய்யா மறுத்துச்சு? வயித்துக்குள்ளயே வாங்கி வெச்சுக்கிச்சே," ன்னா பொண்டாட்டி விக்டோரியா, சீலை மடிப்பை நீவிக்கினே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல காரு கதவுக்கு தகடு அமுத்தற கம்பெனில ஜெயராஜுக்கு இருவது வருஷ சர்வீஸு. அங்க சட்டம் ஒண்ணுதான். தப்பு பண்ணா மெமோ, மூணு மெமோ ஆனா சஸ்பெண்டு. அந்த சட்டத்தை அப்படியே மடிச்சு டிபன் பாக்ஸுல வெச்சு ஊட்டுக்கு எடுத்தாந்துட்டான். கம்பெனில இவனுக்குக் கீழ பன்னெண்டு பேரு. ஊட்டுல இவனுக்குக் கீழ இருக்கறது டிப்பரு ஒண்ணுதான். மேல விக்டோரியா.

விக்டோரியா அங்கன்வாடி டீச்சரு. ரெண்டரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருவத்திரெண்டு உருப்படி. அத்தினியும் ஒரே நேரத்துல அழுவும். இந்த அம்மா ஒண்ணைக்கூட கைநீட்டி அடிச்சது கெடயாது. ஆனா பதினோரு மணிக்கு நீ போய்ப் பாரு, அத்தினியும் வட்டமா ஒக்காந்து சத்துமாவு உருண்டைய கம்முனு தின்னுக்கினு இருக்கும். எப்படின்னு ஜெயராஜு ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

டிப்பரை ஊட்டுக்குக் கொண்டாந்தது மவ பிரின்சி. மூணு வருஷம் முன்ன பைபாஸ் ஓரம் நின்ன ஒரு டிப்பர் லாரிக்கு அடியில நடுங்கிக்கினு கெடந்ததை ஸ்கூல் பையில போட்டு எடுத்தாந்தா. புஸ்தகத்தை கையில புடிச்சிக்கினு வந்தா. இப்ப பிரின்சி நர்சிங் படிக்க ஆஸ்டலுக்குப் போயி நாலு மாசம் ஆச்சு. ஜெயராஜுக்கு இந்த மாசம் பூரா நைட் ஷிப்டு. காலையில ஏழு மணிக்கு வருவான், நாஷ்டா துன்னுவான், கவுந்துப் படுப்பான். ஒம்போது மணிக்கு விக்டோரியா செருப்பு கேட்டைத் தாண்டும். அவ்ளோதான். கிரில்லுல கட்டிப்போட்ட டிப்பரு மூஞ்சிய வானத்துக்குத் தூக்கி ஆரம்பிக்கும் பாரு ஒரு ஊளை! சூளூர்பேட்டை லோக்கல் ரயிலு ஆரன் அடிச்சா அதுக்கும் சேத்து பதில் சொல்லும்.

கீழ ஊட்டு ஓனரம்மா சந்திரகலா மாடி ஏறி வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. "இந்தா ஜெயராஜு, அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். ஒண்ணு நாயி போவணும். இல்லன்னா நீங்க நாயோட போவணும்."

ஜெயராஜு ஒடனே லோகுவுக்கு போன் போட்டான். காட்டுப்பள்ளி ரோட்டுல பழைய இரும்பு யார்டு வெச்சிருக்கற சிநேகிதன். "காவலுக்கு நாயி வேணும்னியே, ஒண்ணு இருக்குது. நல்லா கத்தும்." லோகுவுக்கு ஒரே சந்தோஷம். ஞாயித்துக்கிழம குட்டியானை வண்டி எடுத்தாரேன்னுட்டான்.

விக்டோரியா போன் பேச்சைக் கேட்டுக்கினே இருந்தா. அப்பால, "அங்க சங்கிலிய அவுப்பாங்களா?" ன்னா.

"அவுத்து இன்னா பண்றது? காவலுக்குத்தானே."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் பத்து நாளு கெடக்குது. அதுக்குள்ள ஊளைய நிறுத்திட்டேன்னா?"

"நிறுத்திட்டா இருந்துட்டுப் போவட்டும். இல்லன்னா குட்டியானை. பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன். ஆனா ஒண்ணு. நீ கிட்டவே வராத. இதுக்குப் பொறுமை வேணும். ஒனக்கு வராது."

ஒனக்கு வராது! இருவது வருஷமா மெஷினையே அடக்கி ஆளறவனுக்கு வராதாம். ஜெயராஜுக்கு காது மடலு சூடாயிடுச்சு.

அன்னிக்கி சாயங்காலமே ஆரம்பிச்சுட்டா. மொதல்ல சங்கிலிய அவுத்தா. ஒரு கிண்ணத்துல அவிச்ச கோழிய பொடிப்பொடியா கிள்ளி வெச்சுக்கினா. கையில ஒரு அமுத்துற பேனா. டிப்பரு குதிக்குது, சுத்துது, சீலைய இழுக்குது. இவ செவுரு மாதிரி நிக்கறா. அலுத்துப்போயி அதுவா ஒக்காந்துச்சு. ஒக்காந்த அதே செகண்டு, பேனாவுல 'டொக்'. வாயில ஒரு துண்டு கோழி.

"லஞ்சம்!" ன்னு கத்துனான் ஜெயராஜு. "ஊட்டுக்குள்ளயே லஞ்சம்!"

"ஒங்க கம்பெனில லீவு போடாம வந்தா எவர்சில்வர் கேரியர் குடுக்கறாங்களே, அது இன்னாய்யா?"

"அது இன்சென்டிவ்வு."

"இதுவும் அந்தக் கேரியருதான்."

"ரெண்டு தட்டு தட்டுனா கேக்காதா?"

"தட்டுனா பயம் வரும். ஒன்னைக் கண்டா ஓடும். நீ போனதும் திரும்பக் கத்தும். அது ஒன்னைப் பேஜாரு பண்ண ஊளையுடலய்யா. அதுக்கு வேலை இல்ல. இருவது புள்ளைங்கள ஒரு ரூமுல சும்மா ஒக்கார வெச்சுப் பாரு, ஓட்டைப் பிரிச்சுடும். கையில கொஞ்சம் மண்ணு குடு, நாலு சொப்பு குடு. மூச்சு வுடற சத்தம்கூட வராது."

மறுநாள் காலையில ஒரு காலி முட்டைத் தட்டை எடுத்தா. முட்டை வந்து எறங்குனதும் அங்கன்வாடி சென்டர்ல தூக்கிப்போடற அட்டைத் தட்டு. ஒவ்வொரு குழியிலயும் சப்பாத்தித் துண்டு, அதுமேல கசக்குன பேப்பர் உருண்டை. அதை பிரிட்ஜு மேல வெச்சுட்டு, "ஐயோ, நேரமாயிடுச்சு. சாயங்காலம் வந்து வெச்சுக்கறேன். நீ தொட்டுடாத, தாறுமாறா வெச்சுடுவ," ன்னுட்டு கெளம்பிட்டா.

ஒம்போது அஞ்சு. ஊளை. ஒம்போது பத்து. ஊளை. ஒம்போதே காலுக்கு ஜெயராஜு எந்திரிச்சான். அவன் மனசுல ஒரு திட்டம். 'வெச்சுப் பாத்துடலாம். வேலைக்கு ஆவாது. சாயங்காலம் கால் மேல கால் போட்டு, ஒன் தட்டு ஃபெயிலு மேன்னு சொல்லிடலாம்.' தட்டை எறக்கி டிப்பரு முன்னால வெச்சான்.

ஊளை பாதியில நின்னுச்சு. மூக்கு எறங்குச்சு.

ஒரு பேப்பரை எடுத்து ஓரமாப் போட்டுச்சு. சப்பாத்தி. அடுத்தது. ஒரு குழியில பேப்பரு சிக்கிக்கிச்சு. காலால தட்டைப் புடிச்சுக்கினு பல்லால இழுத்துச்சு. ஜெயராஜு படியில ஒக்காந்துட்டான். இத்தினி நாளா அந்த நாய் இந்த மாதிரி எதையும் கவனமா பண்ணி அவன் பாத்ததில்ல. அதுக்கு எங்க வாய்ப்பு? அஞ்சடி சங்கிலி. கிரில்லு, செவுரு, தண்ணி கிண்ணம். பொழுது பூரா அதே கிரில்லு.

கம்பெனில அவன் மெஷினைச் சுத்தி மஞ்சக்கோடு ஒண்ணு போட்டிருப்பாங்க. ஷிப்டு முடியிற வரைக்கும் அதுக்குள்ளதான் நிக்கணும். ஆறடி. நாயைக் காட்டிலும் இவனுக்கு ஒரு அடி ஜாஸ்தி. அதை நெனச்சதும் சிரிப்பு வந்துச்சு. வந்த சிரிப்பு பாதியிலயே நின்னுடுச்சு.

இருவது நிமிஷத்துல தட்டு காலி. டிப்பரு பெரு மூச்சு ஒண்ணு வுட்டு, ஷிப்டு முடிஞ்ச ஆளு மாதிரி அப்படியே சாஞ்சு படுத்துக்கிச்சு. இவனும் படுத்தான். அஞ்சு மணி நேரம் அடிச்சுப்போட்ட தூக்கம்.

எந்திரிச்சதும் மொத வேலையா பேப்பர் உருண்டைங்கள குழியில திரும்ப வெச்சு, தட்டை பழையபடி பிரிட்ஜு மேல ஏத்திட்டான். கெலிச்சது பொண்டாட்டின்னு அவளுக்கே தெரியக்கூடாதில்ல.

விக்டோரியா வந்தா. தட்டைப் பாத்தா. குழியில சப்பாத்தி இல்ல. பேனாவை 'டொக்'குனு அமுத்தி காலண்டர்ல இன்னமோ கிறுக்கினா. அடுத்த நிமிஷம் அவன் சோத்துத் தட்டுல சுடச்சுட நெத்திலி வறுவலு.

"இன்னாமே விசேஷம்?"

"பழவேற்காட்டு நெத்திலி. சோக்கா இருந்துச்சு. வாங்கிட்டேன்."

மறுநாள், பழைய டவலுக்குள்ள தீனிய வெச்சு முடிச்சு போட்டு பிரிட்ஜு மேல வெச்சா. "முடிச்சு அவுக்கற வெளையாட்டு. ஒனக்குப் புரியாது." இவன் அதையும் வெச்சான். அன்னிக்கும் காலண்டர்ல 'டொக்', தட்டுல மீன் வறுவலு. அடுத்த நாளு பிரின்சிகிட்ட போன்ல சத்தமா சொல்றா: "அதை ஏரிப்பக்கம் கூட்டிக்கினு போவணும்டி. மோந்துக்கினே நடக்கணும், இழுக்கக் கூடாது. ஒங்கப்பாவா? ஐயோ, அவருக்கு எங்கடி பொறுமை!" ஜெயராஜு தூங்கற மாதிரி படுத்துக்கினே அத்தினியும் கேட்டுக்கினான்.

மறுநாள் காலையில அவ தெருமுனை திரும்பறதுக்குள்ள இவன் டிப்பரோட ஏரிக்கரையில. ஒரு லைட்டு கம்பத்துக்கு நாலு நிமிஷம். எவன் வந்தான், இன்னா துன்னான், எந்தப் பக்கம் போனான், அத்தினியும் விசாரிக்குது நாயி. ஜெயராஜுக்கு எதிர் ஊட்டுக்காரன் பேரு தெரியாது. இருவது வருஷமா கம்பெனி பஸ்ஸுல இந்த ஏரியைத் தாண்டறான். ஏரியில தண்ணி கெடக்குதா, காஞ்சு கெடக்குதான்னு எறங்கிப் பாத்தது இன்னிக்குத்தான். தண்ணி இருந்துச்சு. ரெண்டு கொக்கும் இருந்துச்சு. போனை பாக்கெட்டுல இருந்து எடுக்கவே தோணல. சாயங்காலம் 'டொக்'. கறி வறுவலு.

செவ்வாக்கெழம மட்டும் சோம்பேறித்தனமா இருந்துச்சு. தட்டை எறக்கல. படுத்துக்கினே போன்ல வீடியோ தள்ளிக்கினு கெடந்தான். டிப்பரு ரெண்டு பாட்டம் ஊளை வுட்டுச்சு. அன்னிக்கி பேனா சத்தமும் இல்ல. வெறும் ரசம். அப்பளம்கூட இல்ல.

"நெத்திலி இல்லியா?"

"கெடைக்கலய்யா."

மார்க்கெட்டு நெலவரம்னு நெனச்சுக்கினான். கம்பெனில ஒரு தகட்டுல மயிரளவு கீறலு இருந்தா கண்டுபுடிக்கறவன். ரசத்துக்குள்ள இருந்த கீறலை கோட்ட வுட்டுட்டான்.

ஞாயித்துக்கிழம வந்துச்சு. குட்டியானையும் வந்துச்சு. லோகு சங்கிலியோட எறங்குனான். சந்திரகலாம்மா கேட்டுல நின்னுக்கினாங்க. விக்டோரியா சர்ச்சுக்குக் கெளம்பி, செருப்பை மாட்டிக்கினு, கேட்டைத் தாண்டி நடந்தா. இதான் பரீட்சை.

பந்தயத்துல ஜெயராஜு எந்தப் பக்கம்னு அவனுக்கே மறந்து போச்சு. 'கத்தாதடா. கத்தாதடா ராஜா. அங்க போனா இரும்புதான்டா மோக்கணும்.'

டிப்பரு செருப்புச் சத்தத்தைக் கேட்டுச்சு. காதைத் தூக்குச்சு. கேட்டைப் பாத்துச்சு. திரும்பி ஜெயராஜைப் பாத்துச்சு. அப்பால படியில விரிச்சிருந்த சாக்கு மேல போயி, ரெண்டு காலுக்கு நடுவுல மூஞ்சிய வெச்சுக்கினு கம்முனு படுத்துடுச்சு. லோகு வேணும்னே ஆரன் அடிச்சுப் பாத்தான். ஒரு கண்ணைத் தொறந்து மூடிக்கிச்சு.

"இன்னாப்பா இது, சத்தமே காணோம்? இதுக்கு நானே யார்டுல படுத்துக்கலாம்," ன்னுட்டு லோகு வண்டியத் திருப்பினான்.

தெருமுனையில இருந்து திரும்பி வந்த விக்டோரியாகிட்ட சந்திரகலாம்மா மெதுவா கேட்டாங்க. "நாயி இருக்கட்டும்மா. அந்த முட்டைத் தட்டு ரெண்டு எனக்கும் குடேன். எங்க ஊட்டுக்காரரு ரிட்டயர்டு ஆவி ஆறு மாசமா ஊட்டுலயே இருக்காரு."

சர்ச்சுக்குப் போயி வந்தப்புறம் ஜெயராஜால அடக்க முடியல. நெஞ்சை நிமித்தினான். "விக்டோரி, ஒனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லட்டா? பகல்ல தட்டு வெச்சது யாரு? முடிச்சு குடுத்தது யாரு? ஏரிக்கரை யாரு? பொறுமை வராதுன்னியே, வந்துச்சு பாத்தியா!"

"அட, அப்படியா!" ன்னு அவ வாயப் பொத்திக்கினா. ரொம்பத்தான் பொத்திக்கினா.

அதுல கொஞ்சம் சந்தேகம் தட்டி காலண்டர்கிட்ட போனான். சின்னச்சின்னதா ஸ்டாரு. செவப்புல ஒரு வரிசை, நீலத்துல ஒரு வரிசை.

"இன்னாமே இது?"

"எங்க சென்டர்ல புள்ளைங்களுக்குப் போடற ஸ்டாரு. செவப்பு டிப்பருக்கு."

"அப்ப நீலம்?"

இவனே குனிஞ்சு படிச்சான். 'தட்டு வெச்சாரு. நெத்திலி.' 'ஏரிக்குப் போனாரு, போன் பாக்கல. கறி.' 'செவ்வாய். தூங்கிட்டாரு. ரசம்.'

"இன்னா, நான் நாயாமே?"

"ஒன்னை அடிச்சேனா, திட்டுனேனா, மெமோ குடுத்தேனா? நீயாத்தானே வந்த. எங்க சென்டரு ஜன்னல்ல நின்னா ஏரிக்கரை தெரியும்யா." அவ குரலு கொஞ்சம் தணிஞ்சுச்சு. "பிரின்சி போனப்புறம் அது மட்டுமாய்யா ஊளையுட்டுச்சு? நீயுந்தான் நாலு மாசமா போனை வெறிச்சு வெறிச்சுப் பாத்துக்கினு கெடந்த. ஒனக்குச் சத்தம் வரல, அவ்ளோதான்."

ஜெயராஜுக்கு கோவம் பொத்துக்கினு வந்துச்சு. "இனிமே ஒன் தட்டையும் தொடமாட்டேன், துண்டையும் தொடமாட்டேன். நான் மனுசன்! லைன் லீடரு!" ன்னு முழங்கிட்டு, வெளிய வந்து டிப்பரு பக்கத்துல படியில ஒக்காந்துக்கினான். மூஞ்சி ரோட்டைப் பாத்து. யாரு கூப்டாலும் திரும்பறதில்லன்னு சபதம்.

சமையக்கட்டுல இருந்து 'டொக்'குனு ஒரு சத்தம்.

டிப்பரு காதைத் தூக்கி யோசிக்கறதுக்குள்ள, ஜெயராஜு உள்ள போயி தட்டுக்கு முன்னால ஒக்காந்துட்டான்.