இன்ஜின் எதற்குத் திருச்சிக்கு?

சிவகாசிக்குக் குரோஷிய மொழியைக் கொண்டுவந்த பெருமை முழுக்க முழுக்க அகராதியையே சேரும். அந்த மொழி அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த லேபிள் அச்சகத்தில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா அவர். நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘அகராதி’. எங்கள் பக்கம் அகராதி என்றால் புத்தகம் மட்டுமில்லை. எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுகிற ஆளையும் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு இரண்டும் பொருந்தியது.

ஒருநாள் பைண்டிங் முத்தையா லட்டுத் தட்டோடு வந்தார். “சார், மகனுக்குச் சாத்தூர்ல பொண்ணு எடுத்திருக்கோம்.”

“எதுக்குள்ள இருந்து எடுத்தீக? பெட்டிக்குள்ள இருந்தா, கெணத்துக்குள்ள இருந்தா?”

முத்தையா நீட்டிய தட்டை மடக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். “ஒரு வினைச்சொல்லுக்கு எம்புட்டு வேலை பாருங்க” என்று அகராதி என்னிடம் வியந்தார். லட்டு போனதை அவர் கவனிக்கவே இல்லை.

கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் காலம் அது. எங்கள் முதலாளி யுகோஸ்லாவியாவிலிருந்து ஒரு டீசல் இன்ஜின் வரவழைத்தார். அதைப் பூட்டித் தர ஈவோ என்றொரு பிட்டரும் கூடவே வந்தார். பூனைக்கண், நிலைப்படியில் இடிக்கும் உயரம், பேச்சு குரோஷிய மொழி. இங்கிலீஷில் அவருக்கு ‘குட் மார்னிங்’ தெரியும். அதைச் சாயங்காலத்தில்தான் சொல்வார்.

முதலாளி அகராதியைக் கூப்பிட்டார். “இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா எழுதுறீகள்ல, இவருகிட்ட பேசுங்க. இன்ஜின் எப்ப ஓடும்னு கேளுங்க.”

ஈவோவின் பையில் இங்கிலீஷ்–குரோஷிய அகராதி ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் நம் அகராதியின் முகம் கல்யாண வீடாகிவிட்டது. ஓடுவதற்கு இங்கிலீஷில் ‘ரன்’. ‘ரன்’னைத் தேடினால் ஒரு பக்கம் முழுக்கக் குரோஷியச் சொற்கள். முதலில் நின்றதைப் பிடித்துக்கொண்டார். அது வாய்க்குள் நுழையாமல் முரண்டு பிடித்து, கடைசியில் இப்படி வெளியே வந்தது:

“இன்ஜின்... திருச்சி?”

முதலாளி பதறிப்போனார். “இன்ஜின் எதுக்குய்யா திருச்சிக்கு? சிவகாசிக்குல்ல ஆர்டர் போட்டோம்!”

ஈவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முழங்காலைத் தூக்கித் தூக்கி, இன்ஜினைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிக் காட்டினார். “திருச்சி!” என்றார். அதாவது, காலால் ஓடுவது. இன்ஜினுக்குக் கால் கிடையாது. அதன் முதுகில் தட்டி, “ராதி” என்றார். இயந்திரம் ஓடினால், வேலை நடந்தால், அதற்கு ராதி.

“சார் பேருலயே ராதி இருக்குய்யா” என்று முத்தையா என் காதில் சொன்னார்.

அன்றிலிருந்து அகராதிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நம் தமிழில் ரயிலும் ஓடும், தொழிலும் ஓடும், ரத்தமும் ஓடும். அந்த ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லா? ஈவோவைப் பஸ் நிலையத்துக்கு இழுத்துப்போய் ஓடும் பஸ்ஸைக் காட்டினார். “வோசி” என்றார் ஈவோ. ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்கே கூட்டிப்போனார். ஆறு ஓடுவதற்குச் சொல் வேண்டுமாம். ஆற்றில் மணல்தான் கிடந்தது. ஈவோ மணலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கையை விரித்தார்.

“ஆறுன்னா ஓடணும்ல சார்?” என்றேன்.

“நம்ம ஆத்துல தண்ணி வந்திருந்தா அவரு ஏன் கையை விரிக்காரு?” என்று எரிந்து விழுந்தார்.

அச்சகத்திலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. “மெஷின் ராதியா?” “ராதி, ராதி!” சாயங்காலம் மணி அடித்தால் எல்லோரும் “ஏலே, திருச்சி!” என்று வீட்டுக்கு ஓடினார்கள். முதலாளிகூட ஒருநாள் தன்னை மறந்து “இன்ஜின் ராதியாய்யா?” என்று கேட்டுவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

இன்ஜின் ஒருவழியாக ஓடியது. அதைக் கவனித்துக்கொள்ள, சீசன் முடியும்வரை ஈவோவை முதலாளி நிறுத்திக்கொண்டார். தீபாவளி சீசன், மூச்சுவிட நேரமில்லை. ஒரு மத்தியானம் இன்ஜின் கொட்டகையில் எண்ணெய்த் துணிக் குவியல் பற்றிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் விஸ்வநத்தத்திலிருந்து வந்த பட்டாசு லோடு வண்டி நின்றது. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாதிப் பேர் தெருவுக்கு ஓடினார்கள், மீதிப் பேர் வண்டியைத் தள்ளப் பாய்ந்தார்கள்.

ஈவோ மட்டும் உள்ளே இருந்தார். காதில் பஞ்சு, தலை இன்ஜினுக்குள். முதுகுக்குப் பின்னால் எரிவது அவருக்குத் தெரியாது.

கொட்டகை வாசலில் நின்று அகராதி அலறினார்: “ராதி! ராதி! ராதி!”

பஞ்சையும் மீறி அது காதில் விழ, ஈவோ திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினார். வேலை பார், வேலை பார் என்று இவர் கத்தினால், பாவம், அவர் வேறென்ன செய்வார்? இன்னும் மும்முரமாக நட்டை முடுக்கினார்.

ஊசிவெடிக்கே காதைப் பொத்துகிறவர் அகராதி. அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு புகைக்குள் போனதைக் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பமாட்டேன். உள்ளே இருமல் கேட்டது. பிறகு “திருச்சி! திருச்சி!” என்று ஒரு குரல். ஈவோவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபடி வெளியே வந்தார். வேட்டி முனை புகைந்துகொண்டிருந்தது. முத்தையா ஒரு வாளித் தண்ணீரை அவர்மேல் கொட்டினார். அதில் லட்டுக் கோபம் கொஞ்சம் கலந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மணலும் தண்ணீரும் போட்டுத் தீயை அணைத்தோம். வண்டியும் தப்பியது. மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய ஈவோவுக்கு என்ன நடந்தது என்று மெல்லப் புரிந்தது. “ராதி!” என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அகராதியின் கையை அவர் விடவே இல்லை.

“அம்புட்டுச் சொல்லு தெரிஞ்ச ஆளு, அவசரத்துக்கு ஒண்ணு வரலையேய்யா” என்றார் முதலாளி.

“எல்லாம் ஒரே நேரத்துல வாசலுக்கு வந்துருச்சு மொதலாளி. எது இடிச்சுக்கிட்டு முந்துச்சோ, அதான் வெளிய வந்துச்சு.”

சீசன் முடிந்ததும் ஈவோ ஊருக்குக் கிளம்பினார். சாத்தூர் ஸ்டேஷனில் வழியனுப்ப நானும் அகராதியும் போயிருந்தோம். அத்தனை நாள் சொல் சொல்லாகப் பொறுக்கிய அகராதி ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். ரயில் நகர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் அகராதி சட்டென்று என் பக்கம் திரும்பினார். “அங்கன இப்ப குளிரு கொன்னுரும்னாரு. கனத்த சட்டை ஏதும் வச்சிருந்தாராலே? நீ பாத்தியா?”

“வச்சிருந்தாரு அண்ணாச்சி” என்றேன். நான் பார்க்கவில்லை. அவரை அண்ணாச்சி என்று அழைத்ததும் அதுதான் முதல் தடவை.