கோந்து நைனா குடுத்த புஸ்தகம்

இந்தப் பட்டணத்தில் என்னை அதிகமாகக் கோபப்படுத்தின மனுஷன் கோந்து நைனாதான். அப்போ நம்மை ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரன்கூட அவருக்கு அடுத்தபடிதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் நறநறங்குது.

மயிலாப்பூரில் டிராம் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் அவருக்கு பைண்டிங் கடை. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிளறின பசை எப்போதும் விரலில் ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பேர். பிராடஸ்டண்டு வேதக்காரர். பைண்டு பண்ண வர்ற புஸ்தகத்தை எல்லாம் படிப்பார். படித்ததோடு சும்மா இருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? கடைக்கு வர்றவங்க மூஞ்சியைப் பார்த்து, வைத்தியர் சூரணம் குடுக்கிற மாதிரி புஸ்தகம் குடுப்பார்.

ஒரு வக்கீல் சட்டப் புஸ்தகத்தை பைண்டிங்குக்குக் குடுத்தார். அவருக்குக் கர்வம் ஜாஸ்தி என்று, நைனா தாழ்மையைப் பற்றி எட்டுப் பக்கம் நடுவில் வைத்துத் தைத்துவிட்டார். வக்கீல் குதித்துக்கொண்டு வந்தார்.

"ஏன்யா, ஜட்ஜ் எதிர்ல பிரிச்சு வாசிக்கறேன், 'பெருமையுள்ளவனே, மனந்திரும்பு'ன்னு வர்றது! கோர்ட்டே சிரிச்சுண்டு நிக்கறது!"

"கேஸு இன்னா ஆச்சு சார்?"

"தோத்துட்டேன்யா!"

"அப்போ வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு" என்றார் நைனா.

நான் சாந்தோம் கடற்கரைக் குப்பத்து மீன்காரி. பேர் லூர்து. ஞானஸ்நானம் வாங்கின கத்தோலிக்கப் பிறப்பு. மீன் கூடையோடு பூசைக்கு வந்தேன் என்று சாமியாருக்கு அடுத்தபடி கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் எல்லார் எதிரிலும் என்னை வாசலில் நிற்கவைத்தார். அன்றையிலிருந்து ரெண்டு வருஷம் கோயில் படி மிதிக்கவில்லை. நைனா கடைக்கு சங்கரா மீன் குடுக்கப் போனபோது இதைச் சொல்லித் தொலைத்தேன். பிடித்துக்கொண்டார்.

"லூர்து, உனக்குக் கோவ வியாதி கீது. இந்தா, இது காலையில நாலு பக்கம். கோவம் ஆறினப்புறம் இந்த இன்னொண்ணு."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு வரி முடிக்கிறதுக்குள் கூடையில் மீன் நாறிப்போகும். அதை அந்த ஆளிடம் சொல்லுவேனா? வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைமேல் வைப்பேன். பத்து நாள் கழித்து, "படிச்சேன், நல்லா கீது" என்று திருப்பிக் குடுப்பேன். குப்பத்திலும் எனக்கு 'புஸ்தகக்கார லூர்து' என்று பேர் வந்துவிட்டது. மறுக்கவில்லை.

தொல்லை தாங்காமல் ஒரு நாள் சொன்னேன்: "நைனா, மேற்றிராணியார், அதான் எங்க பிஷப்பு, அவர் உத்தரவுத் தாள் முன்னாடி இல்லாத புஸ்தகத்தை நாங்க தொடக்கூடாது. மாதா படமும் இருக்கணும். இனிமே குடுக்காதே."

மறுவாரம் ஒரு புஸ்தகத்தை நீட்டினார். முன்னாடி உத்தரவு, சிலுவை முத்திரையோடு. அடுத்த தாளில் மாதா. நமக்கென்று தேடிப் பிடித்திருக்கிறாரே என்று வாங்கிப் பானைமேல் வைத்தேன்.

ஆறு மாசம் கழித்து என் தங்கச்சி ஆரோக்கியத்துக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாயாக நிற்கணும், வேறே யாரும் தூக்கக்கூடாது என்று அவள் பிடிவாதம். எனக்கும் அந்தப் பிள்ளைமேல் உயிர். கோபத்தை முழுங்கிக்கொண்டு உபதேசியாரிடம் போனேன்.

"ரெண்டு வருஷமா வராதவ வீட்டுல இன்னா செபம் பண்ணே?" என்றார்.

பெருமையாகப் புஸ்தகத்தை நீட்டினேன். உத்தரவைப் பார்த்துத் தலையாட்டினார். மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த பக்கம் திருப்பினவர் அலறினார்.

"செபமாலை உருட்டுறது வெட்டி வேலைன்னு போட்டிருக்குதே! பதிதர் புஸ்தகம்! இதைப் படிச்சவ கையில புள்ளையைக் குடுக்கமாட்டேன்!"

பதிதர் என்றால் பிராடஸ்டண்டைத்தான் எங்கள் பக்கம் அப்படித் திட்டுவார்கள்.

மயிலாப்பூருக்கு ஓடினேன். பசை பிரஷ்ஷோடு நைனாவை இழுத்துக்கொண்டு வந்தேன். குப்பமே கோயில் வாசலில் கூடிவிட்டது.

"லூர்துதான் உத்தரவு வேணும்னுச்சு. பைண்டிங்குக்கு வந்த பழைய செபப் புஸ்தகத்துல கழிச்ச தாள் இருந்துது, ஒட்டினேன்" என்றார். குத்தம் என்றே தெரியவில்லை அவருக்கு. "தப்புன்னா என்னுது ஐயா. உங்களுக்கும் கோவம் ஜாஸ்தி கீது, ஒரு புஸ்தகம்..."

"வாயை மூடு! இவ இதைப் படிச்சாளா இல்லியா?"

நைனா என்னைப் பார்த்தார். குப்பத்து ஜனங்களைப் பார்த்தார். மார்பை நிமிர்த்தினார்.

"படிக்காம இருக்குமா? லூர்து எதைக் குடுத்தாலும் ஒரு எழுத்து விடாம படிச்சிடும்!"

பாவி! என்னைத் தூக்கிவிடுகிறேன் என்று குழியில் தள்ளினார். ஆரோக்கியம் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுகிறாள். புஸ்தகத்தைப் பிடுங்கி உபதேசியார் மூக்குக்கு நேரே விரித்தேன்.

"பாருங்க! புதுப் புஸ்தகத்துல தாள் மடிப்பைப் படிக்கிறவங்கதான் கத்தியால அறுத்துக்கணும். இதுல முதல் மடிப்பு மட்டும்தான் அறுத்திருக்குது, அதுவும் இவர் தாள் ஒட்டறதுக்கு. மத்த தாள் எல்லாம் மேல ஒட்டிக்கினு அப்படியே கீது. ஒரு பக்கம் படிக்கல. எதையும் படிச்சதில்ல. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். போதுமா?"

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியிடம் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

நைனா கோயில் சுவருக்கு வெளியே நின்றிருந்தார். போய்ச் சண்டை போட்டேன்.

"நான் படிக்கலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ திருப்பின முதல் புஸ்தகத்துலயே. மடிப்பு அப்படியே இருந்துதே."

"அப்புறம் ஏன்யா குடுத்தே?"

"படிச்சேன்னு சொல்றப்போ உன் மூஞ்சி ராணி மாதிரி இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்?"

ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. மீன் மட்டும் குடுத்தேன்.

நைனா போய் ரொம்ப காலமாச்சு. செத்தவங்களுக்காக அவர் வேதக்காரர்கள் செபிக்கிற வழக்கமில்லை. மோட்சம் போறதுக்கு முன்னாடி ஆத்துமா பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று என்னிடமே மணிக்கணக்காக வாதாடினவர். இல்லாவிட்டால் போகட்டும். இருந்துவிட்டால் அந்த மனுஷனுக்கென்று கேட்க யார் இருக்கிறார்கள்? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில், திட்டிக்கொண்டேதான், அவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துகிறேன்.