பேனர் சார் கட்டிய கூரை

தாம்பரத்துக்குத் தெற்கே பேனர் இல்லாமல் பொழுதே விடியாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பேனர் சார்தான். நான் பாடம் நடத்தும் பி.எட். கல்லூரியில் ஊருக்குச் செய்யும் சேவை எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பல்கலைக்கழகம் நிதி தர வேண்டுமென்றால் போட்டோ வேண்டும். போட்டோவில் பேனர் தெரிய வேண்டும். மனிதர்களும் தெரிந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

மரம் நடப் போனோம். கன்றுகளைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டார், பேனரை மறக்கவில்லை. ரத்ததான முகாமில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார், பேனரின் முனை கையில்தான் இருந்தது. பஸ்ஸில் பேனருக்கு ஜன்னலோர சீட், அவர் நின்றுகொண்டு வருவார்.

"ஏன் சார் இப்படி?" என்றால், "கைக்குழந்தையைத் தூக்கி யாராவது பரண்ல போடுவாங்களா மேடம்?" என்பார்.

முடிச்சூரில் ஓட்டைத் தகரக் கொட்டகை ஒன்றில் எங்கள் மாணவிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். அதற்கு நிதி தொடருமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு வரும் நாள். நிதி நின்றால் வகுப்பும் நின்றுவிடும். குழுவுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். சார் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பேனருக்குப் போர்த்தினார்.

மகனைக் கூட்டிப்போக வந்த இட்லிக்கடை செல்வி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா சார், புள்ளைங்க நனைஞ்சிகினு கீதுங்க, பேனருக்குக் கோட்டா?"

சார் பேனர் மேலிருந்த கோட்டை உருவினார். பெஞ்சின் மேல் ஏறினார். எழுத்து கீழே தெரியும்படி, பேனரைக் கூரைக்கு அடியில் இழுத்துக் கட்டினார். தண்ணீர் ஓரமாக வழிய, வகுப்பு தொடர்ந்தது.

குழுத் தலைவர் நுழைந்ததுமே கேட்டார்: "பேனர் எங்க சார்? போட்டோல அது இல்லன்னா ஃபண்ட் கஷ்டம்."

"மேல பாருங்க சார்." சார் தான் கட்டிய முடிச்சுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். "புள்ளைங்க நனையுறாங்க. நான் அவுக்க மாட்டேன்."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு போட்டோகிராபரிடம், "கொஞ்சம் படுத்து எடுப்பா," என்றார். பாவம், அவர் ஈரத்தரையில் மல்லாந்து படுத்தார். பிள்ளைகளின் சிரிப்பும் பேனரும் ஒரே படத்தில் விழுந்தன. நிதி வந்தது. முதல் வேலையாகக் கூரையை மாற்றினோம்.

போன மாதம் சார் ஓய்வு பெற்றார். கடைசியாக எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது பதறிப்போனார். "மேடம், பேனர் அடிக்கலையா?"

"வேணாம் சார். நீங்க நில்லுங்க, போதும்," என்றேன். அவரைக் கேலி பேசியே பழகிய நான், கையைப் பிடித்து அவரை நடுவில் இழுத்து நிறுத்தினேன்.