ஷூ பொய் சொல்லாது

“முடியாது,” என்றார் உதவித் தலைமையாசிரியர் பியோ. “லீவு பிள்ளைங்களுக்கு. உங்களுக்கு இல்ல.”

“பள்ளிக்கூடத்துல ஈ காக்கா இல்லையே சார்,” என்றான் ஃபெர்கஸ். “நான் யாருக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றது?”

“உங்களை யார் சொல்லித் தரச் சொன்னா? நாலரை மணி வரைக்கும் பள்ளியில இருக்கணும்னுதான் ஒப்பந்தம். இருங்க.”

“இருந்து?”

“இருக்கறதுதான் வேலை.”

ஸ்காட்லாந்திலிருந்து கொரியாவுக்கு வந்து, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேலை பார்க்கும் ஃபெர்கஸுக்கு இது இரண்டாவது குளிர்கால விடுமுறை. விடுமுறையென்றால் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை அணைத்துவிடுவார்கள். சுடுபவை இரண்டுதான்: பியோவின் அறை ஹீட்டர், பியோவின் பேச்சு. ஃபெர்கஸ் மேல்கோட்டும் தொப்பியுமாக ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, தன் மூச்சு புகையாகப் போவதை வேடிக்கை பார்ப்பான். அதற்குத்தான் சம்பளம்.

“ரெண்டே மணி நேரம் சார். சொந்த வேலை.”

“சொந்த வேலையைச் சொந்த நேரத்துல பாருங்க. என்னைக்காவது நாலரைக்கு முன்னால நான் நாற்காலியை விட்டு எழுந்து பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லைதான். அவர் உட்கார்ந்திருந்தும் யாரும் பார்த்ததில்லை. அவர் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

“தப்பிச்சுப் போகலாம்னு நினைக்காதீங்க,” என்று வாசலில் இருந்த ஷூ அலமாரியைக் காட்டினார் பியோ. “ஆள் பொய் சொல்லுவான். ஷூ பொய் சொல்லாது.”

அந்த ஊரில் பள்ளியோ அரசு அலுவலகமோ, வெளி ஷூவை வாசலில் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அலமாரியில் ஷூ இருந்தால் ஆள் உள்ளே. இல்லையென்றால் வெளியே. ஃபெர்கஸின் ஷூவோ சின்னப் படகு அளவு. இல்லாமல் போனால் கண் தெரியாதவருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

பியோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் ஃபெர்கஸின் காதலி மிரே போனில் வந்தாள்.

“கிளம்பிட்டியா? அப்பா மூணு மணிக்கு ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துல இருப்பார்.”

“மிரே, இன்னொரு நாள் வச்சுக்கலாமா?”

“இன்னொரு நாளா? முப்பது வருஷ சர்வீஸ்ல உனக்காக முதல் தடவையா லீவு போட்டிருக்கார். ‘என் முதுகைத் தேய்ச்சு விடாதவனுக்கு என் பொண்ணு கிடையாது’ன்னு சொல்லிட்டார். வரலைன்னா நீ வேற பொண்ணு பாரு, நான் வேற முதுகு பார்க்கறேன்.”

போன் வைக்கப்பட்டது.

ஃபெர்கஸ் அலமாரி முன்னால் போய் நின்றான். பியோவின் கறுப்பு ஷூ, பாலிஷ் மின்ன, மேல்தட்டிலிருந்து அவனைக் கண்காணித்தது. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. ஷூ இருந்தால்தானே ஆள் இருப்பதாகக் கணக்கு? ஷூ இருக்கட்டும். ஆள் போகட்டும்.

ரப்பர் செருப்போடு பின்வாசல் வழியாக இறங்கினான்.

வெளியே முழங்கால் வரை பனி. பத்தடி போவதற்குள் சாக்ஸ் நனைந்தது. இருபதாவது அடியில் கால்விரல்கள் ராஜினாமா செய்தன. முனைக் கடைக்குள் ஓடினான்.

“அக்கா, ரெண்டு பிளாஸ்டிக் பை குடுங்க.”

“என்ன போடணும்?”

“கால்.”

கடைக்கார அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க ஊர்ல ஷூ கிடையாதா தம்பி?”

“இருக்குக்கா. அது டியூட்டியில இருக்கு.”

பையைச் சாக்ஸ் மேல் கட்டிக்கொண்டு செருப்பை மாட்டினான். ஈரம் நின்றது, கால்தான் எங்கும் நிற்கவில்லை. செருப்புக்குள் பை வழுக்க, பனியில் செருப்பு வழுக்க, மிச்சத் தூரத்தைப் பாதி நடந்தும் பாதி உட்கார்ந்தும் கடந்தான். நடுவில் போன் துடித்தது. பியோவின் செய்தி: ‘இடத்தில் இருக்கிறீர்களா?’

‘இருக்கிறேன் சார்,’ என்று பனியில் மல்லாந்தபடியே பதில் அனுப்பினான்.

‘நல்லது. நானும் என் அறையில்தான். முக்கிய வேலை. கதவைத் தட்ட வேண்டாம்.’

குளியல் கூடத்துக் கவுண்டரில் இருந்த பெண், பையும் செருப்புமாக நின்றவனைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. துண்டைக் கொடுத்தாள். செருப்பை வாங்கி உள்ளே வைத்தாள்.

மிரேயின் அப்பா நம்குங், வட்ட அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். முன்னதாகவே வந்து, ஒரு கோப்பில் கையெழுத்திடும் கம்பீரத்தோடு சிறு ஸ்டூலில், அங்கே எல்லோரையும் போல அம்மணமாக உட்கார்ந்திருந்தார். ஃபெர்கஸின் பாதங்களைப் பார்த்தார். அவை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

“கால்ல என்ன?”

“அது... பனியில வெறுங்காலோட நடப்பேங்க ஐயா. உடம்புக்கு நல்லது.”

நம்குங்கின் முகம் மலர்ந்தது. “ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்! அப்ப வெந்நீரெல்லாம் உனக்கு எதுக்கு? முதல்ல அதுல இறங்கு.”

அவர் காட்டியது ஐஸ் மிதக்கும் குளிர்நீர்த் தொட்டி. ஃபெர்கஸ் இறங்கினான். அவனுக்குள் இருந்த ஸ்காட்லாந்து முழுவதும் அலறியது. பல் தந்தியடிக்க வெளியே வந்து, மாமனாரின் முதுகை இருபது நிமிடம் தேய்த்தான். அவர் “ம்” என்றார். அந்த “ம்” சம்மதத்துக்குப் பக்கத்து வீடு என்று மிரே சொல்லியிருந்தாள்.

“சரி, வா, கொஞ்சம் சூடாகலாம்,” என்று வெந்நீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார்.

ஆவிக்குள் தலையில் துண்டோடு ஒருவர் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஆவி விலகியது.

பியோ.

முட்டை கை நழுவி நீரில் விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

“ஃபெர்கஸ் சார்,” என்றார் பியோ, கழுத்துவரை தண்ணீரில் இருந்தாலும் கழுத்துக்கு மேல் அதே பதவியோடு. “உங்களைத் தேடித்தான் வந்தேன்.”

“இப்படியா சார்? துணியில்லாமலா?”

“தேடற இடத்துக்கு ஏத்த உடுப்பு.”

“முட்டை?”

“ரொம்ப நேரமாத் தேடறேன்.”

“யார் இவர்?” என்றார் நம்குங்.

“இவனோட மேலதிகாரி நான்,” என்றார் பியோ. “இந்நேரம் இவன் பள்ளியில இருக்கணும். வேலை நேரத்துல ஓடி வந்திருக்கான். ஷூவை மட்டும் வச்சுட்டு வந்திருப்பான், பார்த்துக்கங்க!”

பார்க்காமலே எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று ஃபெர்கஸ் வியந்தான். நம்குங் மெல்ல எழுந்து நின்றார். தண்ணீர் வழிந்தது.

“நிஜமா?”

“நிஜம்தாங்க ஐயா. லீவு கேட்டேன். குடுக்கல. நீங்க கூப்பிட்டதால ஓடி வந்துட்டேன்.”

“அப்ப வெறுங்கால் வைத்தியம்?”

“பொய்ங்க.”

“நாற்காலிக்குத் துரோகம் பண்றவன் நாளைக்கு என் பொண்ணுக்குப் பண்ண மாட்டானா?” நம்குங்கின் குரல் ஓடுகளில் மோதித் திரும்பியது. “முப்பது வருஷம்! வேலை நேரத்துல ஒரு நிமிஷம் என் இடத்தை விட்டு நான் எழுந்ததில்லை! சார், உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாடு நிக்குது.”

“ஏதோ, கடமை,” என்றார் பியோ, முட்டையைக் காலால் ஓரம் தள்ளியபடி.

“கல்யாணப் பேச்சு இதோட முடிஞ்சுது. கிளம்பு.”

மூவரும் உடுத்திக்கொண்டார்கள். நம்குங் கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டார். பியோ டையை இறுக்கினார். ஃபெர்கஸ் ஈரச் சாக்ஸைப் பிழிந்து மாட்டிக்கொண்டு, மிரேயிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடி இருவருக்கும் பின்னால் நடந்தான்.

கவுண்டர்ப் பெண் குனிந்து, அடுப்போரம் உலர்த்தியிருந்த மூன்று ஜோடி ரப்பர் செருப்புகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

“இது ரெண்டும் பள்ளிக்கூடத்துது. இது உங்க ஆபீஸ் செருப்பு நம்குங் சார், இந்த வாரம் மட்டும் எத்தனை தடவைதான் நான் உலர்த்தறது? அடுத்த தடவையாவது சாக்ஸ் மேல பை கட்டிக்கிட்டு வாங்க, உங்க மாப்பிள்ளை மாதிரி!”