எட்டு நிமிஷ உறுமல்

ஒரு வாரம் வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமானவன் எப்படியும் அப்படித்தானே இருப்பான், இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இது வேறு. இது தந்திரம்.

எங்கள் டெத் மெட்டல் குழுவுக்குக் ‘கறுப்புப் பாசி’ என்று பெயர். பொல்னேஸ் ஊரில் எங்களைத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் பாட்டைத் தெரிந்தவர்களும் இல்லை. ரோகர் கிதார், யெர்கெர் பேஸ். நான் உறுமுகிறவன்; டெத் மெட்டலில் பாடுவது என்றாலே அடித்தொண்டை உறுமல்தான். டிரம்ஸ் என் மனைவி பெர்னில்லா. மேடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவள் போடுவதுதான் தாளம்.

வருஷக்கணக்காக இழுத்தடித்த ஆல்பம் ஒருவழியாக முடியப்போகிறது. என் குரல் மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை பதிவு.

வில்லங்கம் கடைசிப் பாட்டில். அரை மணி நேரப் பாட்டு. நடுவில் எட்டு நிமிஷம் என் உறுமலும் அவள் டிரம்ஸும் மட்டும். அந்த உறுமலை எடுத்துவிட வேண்டும் என்கிறாள் பெர்னில்லா. கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். எனக்கோ அந்த எட்டு நிமிஷத்துக்காகத்தான் ஆல்பமே. அவளோடு வாதாடி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் எதிராளி வாயே திறக்காவிட்டால் அவள் யாரோடு வாதாடுவாள்?

‘தொண்டை போச்சு. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார்’ என்று போனில் தட்டி அவளிடம் காட்டினேன். பதிவுக்கு முன்னால் உறுமுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது வழக்கம்தான். சந்தேகமே வராது.

“அடப் பாவமே! ரொம்ப வலிக்குதா?”

பரிதாபமாகத் தலையாட்டினேன். தேன் கலந்த வெந்நீர் வந்தது. கழுத்துக்கு மஃப்ளர் வந்தது. மனசு கொஞ்சம் உறுத்தியது. பிறகு சுடச்சுட இலவங்கப்பட்டை பன் வந்தது. உறுத்தல் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை சமையலறைக்குள் நுழைந்தால், ரோகரும் யெர்கெரும் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“வா ஸ்டஃபான், உக்காரு. பொதுக்குழு ஆரம்பிக்குது” என்றாள் பெர்னில்லா.

எங்கள் நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் சங்கம். சங்கமாக இருந்தால்தான் நகராட்சி ஒத்திகைக்கு அறை தரும். ஆகவே கறுப்புப் பாசியும் ஒரு சங்கம். தலைவி பெர்னில்லா. மேஜையில் தட்டக் குச்சி வைத்திருப்பவள் அவள்தானே! தலைவி “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பாள். யாரும் பேசாவிட்டால் ஒரு தட்டு. தட்டினால் தட்டினதுதான், ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

“முதல் தீர்மானம். ஆல்பம் அட்டையில மண்டையோடு வேண்டாம். எங்கம்மா வீட்டு ஆட்டுக்குட்டியைப் போடலாம். ஆட்சேபம் உண்டா?”

இரண்டு கையையும் ஆட்டினேன்.

“என்னடா, டாட்டா காட்டுறான்?” என்றான் ரோகர்.

அவசரமாகப் போனை எடுத்தேன்.

“ஆட்சேபம்னா வாயால சொல்லணும். விதியில அப்படித்தான் இருக்கு” என்றான் யெர்கெர், என் வீட்டுப் பன்னை மென்றுகொண்டே. நண்பனாம்!

டொக்.

“ரெண்டாவது. கடைசிப் பாட்டுல அந்த எட்டு நிமிஷ உறுமலை எடுத்துடறது.”

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஸ்டஃபான், இத்தனை வருஷமா உன் பின்னாடி உக்காந்து அடிக்கிறேன். ஒரு வார்த்தை புரிஞ்சதில்ல. அதுல நீ என்ன சொல்றேன்னு இப்ப சொல்லு. மெதுவா சொன்னாப் போதும். சொல்லிட்டா நான் கை வைக்கமாட்டேன்.”

என்ன சொல்கிறேனா? ஒரு குளிர்காலம் அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏரியில் பனி உருகும் வரை வரவில்லை. வாசல் விளக்கை நான் அணைக்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான், வந்துவிடு, நீ இல்லாமல் காபிகூட இறங்கவில்லை. இதைத்தான் எட்டு நிமிஷமும் உறுமுகிறேன். நரகம், பிணம் என்று பாடுகிற தொழிலில் இது வெளியே தெரிந்தால் என் மானம் என்னாவது?

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் பேசினால் பொய் உடைந்துவிடும், அதுவும் இந்த இரண்டு தடியன்கள் முன்னால். நான் மஃப்ளரைத் தொட்டுக் காட்டினேன்.

“ஆட்சேபம் உண்டா?” என்றாள். இன்னொரு தரமும் கேட்டாள்.

டொக்.

அவர்கள் வெளியேறியதுமே வெடித்துவிட்டேன். “பெர்னில்லா, என் தொண்டைக்கு ஒண்ணுமே இல்ல!”

“தெரியும்.”

“எப்படி?”

“தூக்கத்துல நல்லா பேசுறியே. திங்கட்கிழமையே மொத்தத்தையும் ஒப்பிச்சுட்டே. வாசல் விளக்கு, காபி, எல்லாம்.”

“தெரிஞ்சுமா எடுத்தே?”

“முழிச்சிருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லுவியான்னு பார்த்தேன்டா.”

காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் நின்று சொன்னேன். உறுமாமல், சாதாரணக் குரலில், முழுவதையும். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதை அந்தக் குளிர்காலத்திலேயே போனில் சொல்லியிருந்தால் மறுநாளே வந்திருப்பாள்.

“அப்ப, பாட்டுல திரும்பச் சேர்த்துடலாம்ல?” என்றேன், மெல்ல.

“தாராளமா. அடுத்த பொதுக்குழுவுல மனு கொடு. மார்ச் மாசம்.”

ஆல்பம் பிப்ரவரியில் வெளிவந்துவிட்டது. அந்த எட்டு நிமிஷமும் அவள் டிரம்ஸ் மட்டும்தான் கேட்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக இருக்கிறது.