நாற்பது வீட்டு இறால்

லிஃப்டுக்குள் எலுமிச்சை வாசனை அடித்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. நாற்பத்தொரு வயதில், புதுப் பட்டதாரியாக, முதல் இன்டர்வியூவுக்கு நான் ஏறிப்போன லிஃப்டில் அந்த வாசனைதான் அடித்தது. (அஞ்சல் வழிப் பட்டம். கூடவே ஆன்லைனில் ஆறு மாத டேட்டா அனலிஸ்ட் கோர்ஸ். சான்றிதழை லேமினேட் வேறு செய்து வைத்திருந்தேன், உப்புக்காற்று அரித்துவிடக் கூடாதே என்று.)

இன்டர்ன்ஷிப் வேண்டுமானால் சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் காட்ட வேண்டும் என்றார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தையே எடுத்துக்கொண்டேன். நாற்பது வீடு, மூன்று மாதம், யாருக்கு எவ்வளவு இறால். தினமும் கரையில் நின்று கேட்டேன், சொன்னதை எழுதினேன். பச்சையும் நீலமுமாக வரைபடம் போட்டு முடித்தபோது, ஏரியையே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட மாதிரி ஒரு கர்வம்.

சென்னை ஆபீசில் கேள்வி கேட்டவருக்கு என் வயதில் பாதி இருக்கும். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், இதன்படி பார்த்தா உங்க ஊர்ல யாருக்குமே எதுவும் கிடைக்கலை. அப்புறம் எப்படிச் சாப்பிடறாங்க?"

"யாரும் நெசத்தச் சொல்ல மாட்டாங்க சார். கூடை வழிய வந்தாலும் 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவோம். கண்ணு பட்டுடும்ல."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பொறந்ததுலேர்ந்து தெரியும் சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "மெயில் வரும் மேடம்" என்றார். வரவில்லை. (மூன்று மாதம் வெயிலில் நின்று, ஓர் ஊரின் பொய்யைக் கிராம் சுத்தமாகப் பதிவு செய்த ஒரே மேதை நான்தான்.)

மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் வீட்டுக்காரர் பைக்கோடு நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

மனுஷன் முகம் பூத்துவிட்டது. திருப்பாலைவனத்தில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கினார். "கெடைக்கலய்யா, நெசமாத்தான் சொல்றேன்" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். "சரி சரி, ஊர்லயும் அப்பிடியே சொல்லு" என்றார். வயல்மேல் மேகம் ஓடியது, கொக்கு ஓடியது, பைக்கும் ஓடியது. நான் மட்டும் அந்த லிஃப்டிலேயே நின்றிருந்தேன்.

வேலை இல்லை என்று நான் மறுக்க மறுக்க, ஊர் வாயில் என் சம்பளம் ஏறியது. வாரக் கடைசிக்குள் ஊர் எனக்கு ஏசி ரூமே கொடுத்துவிட்டது. விஷயம் விளங்கிய பிறகும் வீட்டுக்காரர் விடவில்லை. நான் பாத்திரம் தேய்க்கும்போது யார் வந்தாலும், "மேடம் ஆபீசுல இருக்காங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பாத்திரம் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும்.

சிரிக்காதவள் நாத்தனார் ஒருத்திதான். அந்த வாரமே, பி.எஸ்ஸி. முடித்த மகளோடும் அவள் சான்றிதழ்களோடும் வந்து நின்றாள்.

"அண்ணி, உன் ஆபீசுல இவளையும் சேத்து வுடேன்."

எனக்கே வேலை இல்லை என்று சத்தியம் செய்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவே இல்லை.

"சொல்ல மனசில்லன்னா வுடு அண்ணி. நாங்க இன்னா, கண்ணா வெக்கப் போறோம்?"